ஈர விறகின் கணக்கு

இரண்டு விறகுக் கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டுகிறார் பெரியவர். 'தொப்' என்று மந்தமாக ஒரு சத்தம். அவற்றைத் திரும்ப அடுக்கில் செருகிவிட்டு, பத்தடி தள்ளி இருக்கும் இன்னோர் அடுக்கிலிருந்து அதே பருமனில் இரண்டு கட்டைகளை உருவித் தட்டுகிறார். இப்போது சத்தம் கணீரென்று வருகிறது. கட்டையைத் திருப்பி வெட்டுமுகத்தைக் காட்டுகிறார். நடுவிலிருந்து பட்டையை நோக்கி மயிரிழை போல வெடிப்புகள் ஓடியிருக்கின்றன.

"இது மூட்டத்துக்கு ஆகும். அது இன்னும் மூணு வாரம் கெடக்கட்டும்."

பங்குனி வெயில். முதுகுளத்தூருக்கும் கமுதிக்கும் நடுவே, தார்ச்சாலையை விட்டு உள்ளே போகும் வண்டிப்பாதை. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். இங்கே யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை. கருவை என்றால் போதும். பதினாறு வயதில் தாய்மாமனுக்குக் கூடமாட இருந்து தொழில் பழகியவர் இவர். இப்போது வயது அறுபத்தெட்டு. அரை நூற்றாண்டாகக் கரிமூட்டம் போடுகிறார். நல்ல கரி எடுப்பது எப்படி என்று அவரிடம் கேட்டால், பேச்சு மூட்டத்தில் தொடங்காது. மரம் வெட்டிய மாதம் எது, வெட்டியவருக்குக் கூலி எந்தக் கணக்கில் கொடுத்தீர்கள், முன்பணம் யாருடையது என்று அவர் திருப்பிக் கேட்பார். இந்த மூன்றும் தெரிந்தால், நெருப்பு வைக்கும் முன்பே இத்தனை மூட்டை இறங்கும் என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

கருவை இந்த மண்ணில் பிறந்த மரம் அல்ல. மத்திய, தென் அமெரிக்காவின் வறண்ட நிலங்களைச் சேர்ந்தது. 1870-களில் சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெட்டோம், மழை குறைந்த பகுதிகளில் வளரக்கூடிய மரமாக இதைக் கருதி விதை கேட்டு எழுதினார். வந்த விதைகள் கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் ஊன்றப்பட்டன. ராமநாதபுரத்துக்கு எப்படி வந்தது என்பதற்கு ஊருக்கு ஒரு கதை உண்டு. விமானத்திலிருந்து விதை தூவினார்கள் என்பது பெரியவர் சின்ன வயதில் கேட்டது. கொண்டுவந்தது யாராக இருந்தாலும், பரப்பியது ஆடும் மாடும்தான். நெற்று தித்திப்பாக இருக்கும். தின்ற ஆட்டின் வயிற்றில் விதை சாவதில்லை. சாணத்திலும் புழுக்கையிலும் எருவோடு சேர்ந்தே மண்ணில் விழுகிறது. வெட்டினால் தூரிலிருந்து நாலைந்து கிளைகள் தழைத்து வரும். கண்மாய், ஊருணி, தரிசு, வரப்பு என்று அது போகாத இடமில்லை. நிலத்தைப் பிடித்துக்கொண்ட இந்த மரம்தான் மழை பொய்த்த வருஷங்களில் இந்த வட்டாரத்துக்கு அடுப்பெரித்தது, கூலி கொடுத்தது, பள்ளிக்கூடக் கட்டணம் கட்டியது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்துவிட்டால் இந்தத் தொழிலைப் பற்றி எதுவுமே சரியாகப் பேச முடியாது.

மூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு அது எளிய வேலையாகத் தோன்றும். தரையைச் செதுக்கிச் சமப்படுத்துகிறார்கள். நடுவில் ஒரு கம்பம். அதைச் சுற்றிக் கட்டைகளைச் செங்குத்தாகச் சாய்த்து அடுக்குகிறார்கள். பெருங்கட்டை உள்ளே, சிறுகட்டை வெளியே, சந்துகளில் குச்சி. மேலே வைக்கோலும் இலைதழையும் பரப்பி, அதன் மேல் ஈரமண் பூசுகிறார்கள். கம்பத்தை உருவி எடுத்தால் நடுவில் ஒரு குழல். அதில் தணலைப் போட்டு மூடுகிறார்கள். அடியில் காற்றுக்குச் சிறு சிறு கண்கள். இனி பத்துப் பன்னிரண்டு நாள், இரவும் பகலும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உள்ளே நடப்பது எரிதல் அல்ல, வேகுதல். கொஞ்சம் விறகு எரிந்து, மீதி விறகை வேகவைக்கிறது. முதலில் தண்ணீர் போகும். அதுவரை புகை வெள்ளையாக, தடிப்பாக வரும். தண்ணீர் தீர்ந்த பிறகுதான் கட்டையின் சூடு நூறு டிகிரியைத் தாண்டி ஏறும். 280 டிகிரி வாக்கில் மரம் தானே உடைந்து தன் பங்குக்கு வெப்பம் விடத் தொடங்கும். புகை மஞ்சளாகி, நெடி மூக்கைத் துளைக்கும். கடைசியில் புகை மெலிந்து நீலமாக வந்தால், அந்தப் பக்கத்துக் கண்ணை உடனே அடைக்க வேண்டும். அரைமணி நேரம் தூங்கிப்போனால் கரி சாம்பலாகிவிடும். கண்ணில் வரும் புகைக்கு நேரே ஓர் ஓட்டுத் துண்டைப் பிடித்துப் பார்ப்பார் பெரியவர். நீர் கோத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. பிசுபிசுவென்று பழுப்பு ஒட்டினால் வெந்துகொண்டிருக்கிறது. ஓடு காய்ந்தே இருந்தால் வேலை முடிந்தது.

இந்தத் திறமை கைக்கு வந்த பிறகும் அவருடைய மூட்டங்கள் சில நன்றாக இறங்கின, சில சொதப்பின. மாமா அதைக் கைராசி என்றார். வேறு சிலர் திசை என்றார்கள், அமாவாசை என்றார்கள். இவர் பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டு எழுதத் தொடங்கினார். மரம் வெட்டிய மாதம், மூட்டம் ஏற்றிய தேதி, விறகின் எடை, இறங்கிய மூட்டை, தூள் எவ்வளவு. எட்டு வருஷம் எழுதினார். நோட்டு இன்னும் இருக்கிறது. அட்டை போய்விட்டது, பக்க ஓரங்களில் கரிக்கை பட்ட ரேகைகள்.

எழுத எழுத ஒன்று தெரிந்தது. ஆள் மாறியபோதும், இடம் மாறியபோதும் விளைச்சல் பெரிதாக மாறவில்லை. வெட்டியதற்கும் மூட்டம் போட்டதற்கும் நடுவே எத்தனை நாள் என்பதில்தான் எல்லாம் இருந்தது. பத்து டன் பச்சை விறகை வெட்டிய வாரமே ஏற்றினால் 40 கிலோ மூட்டையில் முப்பது இறங்கியது. அதே பத்து டன்னை இரண்டரை மாதம் வெயிலில் போட்டு ஏற்றினால் நாற்பது. மரம் ஒன்று, ஆள் ஒன்று, மண் ஒன்று. பத்து மூட்டை வித்தியாசம்.

இதன் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். பச்சைக் கருவையில் எடைக்கு நூற்றில் நாற்பது பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். பத்து டன்னில் நாலு டன் தண்ணீர், ஆறு டன் மரம். நன்றாக உலர்ந்து ஈரம் இருபது பங்குக்கு இறங்கும்போது மொத்த எடை ஏழரை டன். அதாவது இரண்டரை டன் தண்ணீரை வெயில் இலவசமாக எடுத்துக்கொண்டுவிட்டது. வெயில் எடுக்காவிட்டால் நெருப்பு எடுக்க வேண்டும். ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க ஏறக்குறைய 2.6 மெகாஜூல் வெப்பம் தேவை. ஒரு கிலோ உலர்ந்த மரம் தருவது 18 மெகாஜூல். இரண்டரை டன் தண்ணீருக்கு 360 கிலோ மரம். மண்மூட்டத்தில் வெப்பத்தில் பாதி புகையோடும் மண்ணோடும் போய்விடும் என்றால் 700 கிலோவுக்கு மேல். அத்தனையும் கரியாகியிருக்க வேண்டிய மரம். ஐந்து மூட்டைக் கரி அதிலேயே போயிற்று. மீதி ஐந்து? ஈரம் தீர்வதற்குள் மூட்டத்தின் உச்சி வெந்து முடிந்துவிடுகிறது. அடி இன்னும் பச்சை. அடியை வேகவைக்கக் காற்று விட்டால், உச்சியில் இருக்கும் கரி எரிகிறது. ஈர விறகு கீழே வேகாமலும் மேலே சாம்பலாகவும் ஒரே நேரத்தில் நட்டம் கொடுக்கும்.

அப்படியானால் காயவைத்துவிட்டுப் போட வேண்டியதுதானே? இந்தக் கேள்வியைக் கேட்காத அதிகாரி இல்லை, பயிற்சி முகாம் இல்லை. பெரியவரும் தன்னையே கேட்டுக்கொண்டார். விடை தேடியபோது மூட்டத்தை விட்டு வெகுதூரம் போக வேண்டியிருந்தது.

முதல் காரணம் முன்பணம். கரி வியாபாரி சீசன் தொடக்கத்தில் பணம் கொடுப்பார். அதற்குக் கரியாகத் திருப்பித் தர வேண்டும். விறகு கிடந்து காயும் இரண்டு மாதமும் வட்டி ஓடும். வட்டிக்குப் பயந்து பச்சையாக ஏற்றினால் பத்து மூட்டை குறையும். குறைந்தால் கடன் தீராது. கடன் தீராதவர் அடுத்த சீசனுக்கு இன்னும் பெரிய முன்பணம் வாங்குவார். அதற்கு இன்னும் அவசரமாக மூட்டம் போடுவார். ஏழ்மை ஈர விறகை எரிக்க வைக்கிறது, ஈர விறகு மறுபடி ஏழ்மையைக் கொண்டுவருகிறது. அவருடைய மாமா முப்பது வருஷம் இந்தச் செக்கைச் சுற்றியிருக்கிறார்.

இரண்டாவது, குத்தகைக் கெடு. கண்மாய்க்குள் நிற்கும் மரங்களை ஏலம் எடுத்தால், இத்தனை நாளுக்குள் வெட்டி அப்புறப்படுத்த வேண்டும் என்று தாளில் எழுதியிருக்கும். விறகைக் காயப்போட இடம் வேண்டும். அந்த இடத்துக்கு இழுத்துப்போக வண்டி வாடகை வேண்டும். அதற்குப் பதிலாக அங்கேயே, அந்த வாரமே மூட்டம் போட்டுவிடுவது சுலபம். அவர் ஒருமுறை எடுத்த குத்தகையில் கெடு முப்பது நாள். அந்த முப்பது நாளை எழுதியவருக்குத் தன் பேனாவால் கால்வாசிக் கரி போகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

மூன்றாவது காரணத்தை அவருக்குச் சொன்னது வெட்டுக்கு வந்த ஒரு பெண். அந்த வருஷம் அவர் துணிந்து ஒரு முடிவு எடுத்திருந்தார்: காய்ந்த பிறகுதான் எடை போட்டுக் கூலி. கூலி டன் கணக்கு. எடைமேடையில் வண்டி ஏறி இறங்கிச் சீட்டு வந்ததும், அந்தம்மா சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, வெறகு காஞ்சா ஒங்களுக்கு லாபம். எங்க கூலியும்ல அதோட சேந்து காஞ்சு போச்சு."

பத்து டன் வெட்டியவருக்கு ஏழரை டன்னுக்குக் கூலி. முள் குத்திய கை அதே கை. பெரியவர் அன்றைக்கே மீதியைக் கொடுத்துவிட்டார். ஆனால் அந்தச் சொல் அவரை விடவில்லை. கூலி எடையில் இருக்கும்வரை, காயவைப்பது வெட்டுகிறவர்களின் வயிற்றில் அடிப்பது. அதனால்தான் எல்லோரும் வெட்டிய அன்றே வண்டியில் ஏற்றத் துடித்தார்கள். சோம்பலும் இல்லை, அறியாமையும் இல்லை. இருக்கிற ஏற்பாட்டில் அதுதான் அவர்களுக்கு நியாயம்.

அடுத்த வருஷம் எடையை விட்டுவிட்டு அளவுக்கு மாறினார். இத்தனை அடி நீளம், அகலம், உயரம், ஓர் அடுக்குக்கு இவ்வளவு என்று பேச்சு. கோணல்மாணலான கட்டைகள் அடுக்குக்குள் வந்தன. நடுவே காற்று நின்றது. அடுக்கு உயரமாக இருந்தது, விறகு குறைவாக இருந்தது. நேராக அடுக்குங்கள் என்று சொல்லப் போய்த் தினமும் வாக்குவாதம். மூன்றாவது வருஷம்தான் இப்போது வரை நிற்கும் ஏற்பாடு அமைந்தது. வெட்டிய அன்றே பச்சை எடை, அன்றே முழுக் கூலி. காய்வது அவருடைய பொறுப்பு, காய்ந்து குறையும் எடை அவருடைய கணக்கு. அந்த இரண்டரை மாதத்துக்குப் பணம் வேண்டுமே? மனைவி இருந்த மகளிர் சுயஉதவிக் குழுவின் வழியாக வந்த வங்கிக் கடன்தான் முதல் தடவை கைகொடுத்தது. வியாபாரியின் முன்பணத்துக்கும் குழுக் கடனுக்கும் வட்டியில் இருந்த வித்தியாசமே, விறகை வெயிலில் கிடக்கவிடும் தைரியத்தைக் கொடுத்தது. புகையும் மண்ணும் படாத மனைவி தவணைச் சீட்டில் கையெழுத்துப் போட்ட நாளில்தான் தன் மூட்டம் திருந்தியது என்கிறார் அவர்.

பிறகு வெட்டு மாதத்தையும் மாற்றினார். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும். தை பிறந்ததும் வெட்டு. மாசி, பங்குனி முழுக்கக் காயவிட்டு, சித்திரையிலிருந்து மூட்டம். அடுக்குகளைத் தரையில் போடாமல் இரண்டு குறுக்குக் கட்டை மேல் தூக்கி, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே வைக்கிறார். செலவே இல்லாத வேலை இது. ஆனால் காவல் வேண்டும். இரவில் கட்டை திருடு போகும், ஒரு பீடித் துண்டு போதும் இரண்டு மாத உழைப்பு எரிந்துபோக. அதற்கு ஓர் ஆள் சம்பளம். பத்து மூட்டை லாபத்தில் ஒன்றரை மூட்டை காவலுக்குப் போகிறது என்று நோட்டில் எழுதியிருக்கிறார்.

சில வருஷங்களுக்கு முன் பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் திட்ட அறிக்கைக்காக வந்து ஒரு வாரம் தங்கினார். கேட்டதையெல்லாம் தாளில் வட்டம் வட்டமாக எழுதி அம்புக்குறிகளால் இணைத்தார். முன்பணம், அவசரம், ஈரம், விளைச்சல், கடன், மறுபடி முன்பணம். 1950-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டர் தொழிற்சாலைகளின் ஏற்ற இறக்கத்தை இப்படித்தான் பார்க்கத் தொடங்கினார், ஓர் இடத்துக் கோளாறுக்குக் காரணம் வேறோர் இடத்தில் இருக்கும் என்றார் என்று மாணவர் விளக்கினார். பெரியவர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இதுல ஆட்டக் காணோமே தம்பி" என்றார். மாணவர் ஆட்டையும் வரைந்தார்.

ஆடு சின்ன விஷயம் இல்லை. கென்யாவின் பாரிங்கோ மாவட்டத்தில் 1980-களில் விறகுத் தேவைக்காக இதே மரத்தை நட்டார்கள். தித்திப்பான நெற்றைத் தின்றுதின்று ஆடுகளின் பல் கெட்டது. 2006-ல் அந்த மக்கள் வழக்குப் போட்டபோது பல்லில்லாத ஆடு ஒன்றையே நீதிமன்றத்துக்குச் சாட்சியாகக் கொண்டுபோனார்கள். விறகுப் பஞ்சத்தைத் தீர்க்க வந்த மரம் மேய்ச்சலைத் தின்றது. குஜராத்தின் பன்னி புல்வெளியிலும் அதே கதை. அங்கே இதற்குப் பெயர் காண்டோ பாவள், கிறுக்குக் கருவேலம் என்று பொருள். 2004-ல் அங்கே கரி சுடத் தடை நீங்கியது. மரம் ஒழியும், மக்களுக்கு வருமானமும் வரும் என்று நினைத்தார்கள். வருமானம் வந்தது. ஆனால் தூரோடு பறிக்காமல் வெட்டிய மரம் திரும்பத் தழைத்தது. உள்ளூர் மரங்களும் சேர்ந்து மூட்டத்துக்குள் போயின. 2008-ல் மறுபடி தடை.

கரி சுட்டே கருவையை ஒழித்துவிடலாம் என்று நம் பக்கத்திலும் பேசுகிறார்கள். அது நடக்காது என்றே தோன்றுகிறது. மரத்தால் பிழைக்கிறவன் மரத்தின் தூரை விட்டுவைப்பான். அவனைக் குறை சொல்ல முடியாது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் தென்மாவட்டங்களில் கருவையை அகற்றும் வேலை மும்முரமானபோது, ஜேசிபிகள் இறங்கின. அந்தக் கோடையில் விறகு சும்மா கிடைத்தது. எல்லாம் ஒரே நேரத்தில், எல்லாம் பச்சையாக, தூரில் மண் ஒட்டிக்கொண்டு. எல்லோரும் மூட்டம் போட்டார்கள். கரி மலிந்து விலை சரிந்தது. இவர் அந்த வருஷம் விற்ற கரியில் கல்லும் மண்ணும் இருந்ததாக ஒரு வண்டியே திரும்பி வந்தது. அடுத்த மழைக்குக் கிளறிய மண்ணிலிருந்து கன்றுகள் புல் மாதிரி எழுந்தன. முன்பு தூருக்கு நாலு கிளை, இப்போது அடிக்கு நாலு கன்று. ஒழிக்க வேண்டிய இடத்தில், கண்மாயிலும் விளைநிலத்திலும், வேரோடு எடுத்து, இரண்டு மூன்று வருஷம் கன்று பிடுங்க ஆள் போட்டு, அந்த இடத்தில் வேறு மரமோ பயிரோ நிறுத்தினால்தான் உண்டு. பறிக்கும் செலவை மட்டும் போட்டுப் பிடுங்கும் செலவைப் போடாத திட்டத்தில் பணம் மண்ணுக்குள் போகிறது.

கடந்த இருபது வருஷத்தில் இந்தத் தொழிலை மாற்றியது மூட்டத்துக்குள் நடந்த எதுவும் இல்லை. விறகை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகள் சுற்றுவட்டாரத்தில் வந்தன. ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 1.3 கிலோ விறகு. பத்து மெகாவாட் ஆலை முழுநாள் ஓடினால் 2,40,000 யூனிட். 300 டன்னுக்கு மேல் விறகு, தினமும். முதலில் நல்லதாகத்தான் இருந்தது. மூட்டத்துக்கு ஆகாமல் காட்டிலேயே கொளுத்திவந்த முள்ளும் சுள்ளியும் காசாயின. பிறகு சுள்ளிக்கே காசு என்றானதும், நாலைந்து வருஷம் விட்டு வெட்டிய காடுகளை இரண்டு வருஷத்திலேயே வெட்டத் தொடங்கினார்கள். நிலம் உள்ளவர் சென்னையிலோ துபாயிலோ இருப்பார். சீக்கிரம் வரும் பணம்தான் அவருக்குக் கணக்கு. தொடைப் பருமன் கட்டை அரிதாகி மணிக்கட்டுப் பருமன்தான் கிடைத்தது. சிறுகட்டையில் தூள் அதிகம், உருட்டுக்கரி குறைவு. தூளுக்கு விலை இல்லை. ஆலைக்கும் மூட்டத்துக்கும் நேரடிச் சண்டை எதுவும் கிடையாது. ஆனாலும் ஆலையின் கொள்முதல் விலை இவருடைய சல்லடையில் தூளாக விழுந்தது.

தன் பங்கு நிலம் மூன்று ஏக்கரில் அவர் வேறு மாதிரி செய்கிறார். வெட்டிய மறுவருஷம் தூருக்கு மூன்று கிளையை மட்டும் நிறுத்தி மற்றதைக் கழித்துவிடுகிறார். நாலாம் வருஷம் கட்டை திரண்டிருக்கும். நடுவே இடைவெளி இருப்பதால் புல் முளைக்கிறது, முள்ளில் சிக்காமல் ஆடு உள்ளே போய் வருகிறது. நெற்று முற்றும் முன் பறித்து விதை விழாமல் பார்த்துக்கொள்கிறார். முடிந்தவரைதான். மூன்று ஏக்கரில் முடிகிற வேலை இது. முப்பது ஏக்கருக்கு ஆள் கிடையாது.

மூட்டத்தையும் சும்மா விட்டுவிடவில்லை. செனகலில் காசமான்ஸ் மூட்டம் என்று ஒன்று உண்டு. தார் டிரம்களை ஒட்டி ஒரு புகைபோக்கியைப் பக்கவாட்டில் நிறுத்துவார்கள். சூடான புகை உச்சியில் தப்பிக்காமல் கீழ்நோக்கி இறங்கி, விறகைத் தடவிக்கொண்டு வெளியேறும். மாணவர் படம் காட்டியதைப் பார்த்து இவரும் ஒன்று செய்தார். பதினோரு நாள் வேலை ஏழு நாளில் முடிந்தது. வேகாத கட்டை ஏறக்குறைய இல்லை. ஆனால் புகையில் இருக்கும் புளிப்புநீர் இரும்பை அரித்து, இரண்டாவது சீசனிலேயே டிரம் ஓட்டையாகிவிட்டது. பச்சை விறகு போட்ட ஒரு மூட்டத்தில் புகைபோக்கியும் உதவவில்லை. காய்ந்த விறகுக்குத்தான் அது மேலும் கைகொடுக்கிறது.

இந்த வேலையில் உடம்பு படும் பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. மூட்டம் அமுங்கும்போது மேலே விரிசல் விடும். இரவில் டார்ச் வெளிச்சத்தில் ஏணியை வைத்து ஏறி மண் அப்ப வேண்டும். மேலே கால் வைத்த இடம் உள்வாங்கினால் கால் தணலுக்குள். அவருடைய இடது கணுக்காலுக்கு மேலே தோல் பளபளவென்று இருக்கிறது. அது மாமா காலத்து மூட்டம். புகையில் நிறமும் வாடையும் இல்லாத நச்சுவாயு ஒன்று உண்டு, கார்பன் மோனாக்சைடு. காற்று வீசாத இரவில் மூட்டத்தை ஒட்டிப் படுத்தால் எழுந்திருக்க மாட்டோம் என்பது இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். கரியைப் பிரித்துச் சலிக்கும் பெண்கள் மூக்கில் துணி கட்டியிருந்தாலும் மாலையில் துப்புவது கறுப்பாகத்தான் வருகிறது. மூட்டை விலை பேசும்போது இந்த இருமலை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தே ஆக வேண்டும். சலிக்கிற இடத்தில் தண்ணீர் தெளித்து, காற்று வெளிப்பக்கம் போகும்படி சல்லடையை வைப்பதற்கு அரைமணி நேரம் கூடுதலாகும். அந்த அரைமணி நேரத்துக்குக் கூலி கொடுப்பவர்கள் குறைவு.

ஒருமுறை ஒரு வியாபாரி லாரியை அனுப்பிவிட்டு நின்றார், இன்றைக்கே ஏற்றியாக வேண்டும் என்று. மூட்டம் பிரித்து ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை. புதுக்கரி காற்றைக் குடிக்கும். குடிக்கும்போது தானே சூடேறும். ஒரு நாளாவது வெட்டவெளியில் கிடந்து அடங்க வேண்டும். இவர் சொன்னார், கேட்கவில்லை. அருப்புக்கோட்டை தாண்டுவதற்குள் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து புகை. ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டி, முப்பது மூட்டைகளை இழுத்துத் தள்ளி, வண்டியைக் காப்பாற்றினார். அதிலிருந்து ஒரு பழக்கம்: பிரித்த கரிக்குப் பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதிய ஒரு தகரத் துண்டு. இருபத்து நாலு மணி நேரம் ஆகாமல் ஏற்றுவதில்லை.

கரியாக்குவதே சரியா என்று அவரிடம் கேட்டால், அது யாருக்கு என்பதைப் பொறுத்தது என்கிறார். நல்ல மூட்டத்திலும் விறகின் வெப்பத்தில் ஏறக்குறைய பாதிதான் கரியில் மிஞ்சும். மீதி புகையாகவும் சூடாகவும் போய்விடும். ஆகவே இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் செங்கல் சூளைக்கோ கல்யாண மண்டப அடுப்புக்கோ நன்றாகக் காய்ந்த விறகே போதும்; கரியாக்கினால் வீண். ஐநூறு, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஓட்டல் தந்தூரிக்கும் இஸ்திரிக் கடைக்கும் விறகை ஏற்றிப்போனால் லாரி சுமப்பதில் பெரும்பகுதி தண்ணீரும் புகையும்தான். அங்கே கரி. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் பங்கீட்டுக்கு வந்து, நம் சாலைகளில் கரிவாயுவில் பேருந்துகள் ஓடின. பின்னால் உருளை, அதில் கரி. மாமா அப்படி ஒரு பேருந்தின் உருளைக்குக் கரி உடைத்துப் போட்டிருக்கிறார். தூரத்துக்கும் தூக்கிச் செல்வதற்கும் கரி, பக்கத்துக்கு விறகு. இந்தக் கணக்கை அவர் தொழிலுக்கு எதிராகவும் சொல்லத் தயங்குவதில்லை. பக்கத்து ஊர்ச் சூளைக்காரர் கரி கேட்டு வந்தபோது, விறகையே கொடுத்து அனுப்பினார்.

வெயில் சாயத் தொடங்கும்போது அவருடைய கைபேசி ஒலிக்கிறது. வியாபாரி. குரல் நமக்கும் கேட்கிறது: வண்டி நாளைக்குக் காலியாக இருக்கிறது, இருக்கிற விறகை ஏற்றி மூட்டம் வைத்தால் பத்து நாளில் எடுத்துக்கொள்கிறேன், முன்பணம் வேண்டுமானால் இன்றைக்கே அனுப்புகிறேன். பெரியவர் கேட்டுக்கொண்டே தெற்கோரத்து அடுக்குப் பக்கம் நடக்கிறார். இரண்டு கட்டைகளை உருவித் தட்டுகிறார். கைபேசியை அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் பிடிக்கிறார்.

"கேட்டுச்சா? இன்னும் பேசல. சித்திர பொறந்து ஒரு வாரம் கழிச்சுக் கூப்புடுங்க."